சில்வர் பெயின்ட் அடிச்ச ஃப்ரிட்ஜும் பில் தராத கடையும்

பழைய ஃப்ரிட்ஜ், கிரைண்டருக்கு மெட்டாலிக் பெயின்ட் அடிக்கலாமான்னு போன வாரம் ஒருத்தர் கேட்டதுக்கு ‘அடிக்கலாம்’னு ஒரே வார்த்தையில பதில் போட்டது தப்பாப் போச்சு, அதுக்கு வந்த கடிதங்களைத்தான் சுருக்கிப் போட்டிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கே: பதினாலு வருஷ சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். கூலிங் அருமையா இருக்கு, கதவு அடியில மட்டும் துரு. சில்வர் ஸ்ப்ரே நானே அடிச்சா தாங்குமா? (வாசகி, தூத்துக்குடி)

ப: தாங்கும், ஆனா அது பெயின்ட் கையில இல்ல, அதுக்கு முன்னாடி நீங்க தேய்க்கிற தேய்ப்புல இருக்கு. உங்க ஊர் கடல் காத்தும் தினமும் தரை துடைக்கிற ஈரமும் சேர்ந்துதான் அடியில துரு புடிக்குது, அதனால முதல்ல ஒரு ஸ்டாண்ட் வாங்கிப் போடுங்க. பிளக்கைப் புடுங்கிட்டு சோப்புத் தண்ணி போட்டு ரெண்டு தடவை கழுவணும், சமையல்கட்டுல நிக்கிற ஃப்ரிட்ஜ் மேல கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அது மேல எந்த பெயின்டும் ஒட்டாது. துரு உள்ள இடத்துல தகடு தெரியுற வரைக்கும் உப்புத்தாள், மத்த இடத்துல 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணி தொட்டு மினுமினுப்பு போற அளவுக்குத் தேய்ச்சா போதும். ரப்பர் கேஸ்கட், கைப்பிடி, சீரியல் நம்பர் ஸ்டிக்கர் மூணுக்கும் டேப் ஒட்டிருங்க. அப்புறம் மெட்டல் பிரைமர், நல்லா காஞ்ச பிறகு கலர், கடைசில கிளியர் லேக்கர், அதாவது கலர் இல்லாத மேல்பூச்சு.

பிரஷ்ஷைத் தொடவே தொடாதீங்க. மெட்டாலிக் பெயின்ட்ல மின்னுறது பொதுவா அலுமினியத் துகள், அது எந்தப் பக்கம் படுக்குதோ அந்தப் பக்கம் வெளிச்சம் மாறும், பிரஷ்ல அடிச்சா வாசல் கூட்டின மாதிரி கோடு கோடாத் தெரியும். ஸ்ப்ரேயும் ஒரே தடவையில மறைக்கப் பாத்தா ஒழுகிரும், மெல்லிசா மூணு கோட்டு குடுங்க. அதுவும் வராண்டாவுல, மாஸ்க் போட்டுக்கிட்டு. பக்கத்துல அடுப்போ விளக்கோ எரியக் கூடாது, அந்தக் கேன்ல இருக்கிறதெல்லாம் தீப்புடிக்கிற சரக்கு.

கே: கேஸ் அடுப்பு பர்னருக்கு சில்வர் ஸ்ப்ரே? (வேலூர்)

ப: கூடாது.

கே: கிரைண்டர் டிரம் உள்பக்கம் கறுத்துப் போச்சுன்னு ஸ்டீல் கலர் அடிச்சேன். இப்ப மாவு லேசா மின்னுது. நாலு தடவை அரைச்சா போயிரும்ங்கிறாங்க, சரியா? (திருப்பூர்)

ப: போகும், உங்க வயித்துக்குள்ள. அடிக்கிறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா ஒரு நிமிஷ வேலை, அடிச்சுட்டு, அரைச்சுட்டு, இட்லியும் ஊத்திச் சாப்பிட்டுட்டு கேக்கறீங்க. சாப்பாடு படுற இடத்துல இந்த பெயின்ட் வேலையே கிடையாது, வெளித் தகடோட நிறுத்திக்கணும். மாவைக் கொட்டிட்டு டிரம்மை மாத்துங்க. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே இருக்கு, அந்த ஊருக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு டிரம் கிடைக்கலன்னு மட்டும் அடுத்த கடிதம் போட்டுராதீங்க.

கே: ஃப்ரிட்ஜுக்கு பவுடர் கோட்டிங் பண்ணலாமா? (ஓசூர்)

ப: முழு ஃப்ரிட்ஜுக்கு முடியாது. அது 200 டிகிரி பக்கம் சூடு காட்டிப் பவுடரை உருக்குற வேலை, ஃப்ரிட்ஜ் சுவருக்குள்ள இருக்கிற ஃபோமும் பிளாஸ்டிக்கும் என்ன ஆகும்? கிரைண்டரோட வெளித் தகடு மாதிரி தனியாக் கழட்ட முடிஞ்சதுக்குப் பண்ணலாம்.

கே: செகண்ட் ஹேண்ட் கடையில சில்வர் கலர் டபுள் டோர், 9,500 ரூபா. ‘ரெண்டு வருஷம்தான் ஓடுச்சு, கம்பெனி கலர்’னு சொன்னாங்க. மூணு வாரத்துல கதவோரம் கொப்புளம், உரிச்சா உள்ள சிவப்பு. கூலிங்கும் நின்னுபோச்சு. கேட்டா ‘வித்த பொருள் வாபஸ் இல்ல’ன்னு துண்டுச் சீட்டைக் காட்டுறாங்க. பில் தரல, ஜிபேல பணம் குடுத்தேன். (வாசகி, தாம்பரம்)

ப: அம்மா, உங்க மேல எந்தத் தப்பும் இல்ல, இதே ‘கம்பெனி கலர்’ங்கிற வார்த்தைய நம்பி நானும் ஒண்ணு வாங்கினவன்தான். பீரோவுக்கு அடிப்பாங்களே ஹேமர்டோன், அந்த சில்வர். எனக்கு அது அப்படியே இம்போர்ட்டட் மாதிரி தெரிஞ்சுச்சு. முதல் கோடைலயே உரிய ஆரம்பிச்சுது, சுரண்டச் சுரண்ட கீழடில தோண்டின மாதிரி சில்வருக்குக் கீழ பச்சை, பச்சைக்குக் கீழ பள்ளத்தை அடைக்கிற பட்டி, பட்டிக்குக் கீழ தகடே இல்ல, ஓட்டை. பில்லும் இல்ல. ‘ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான சார் நஷ்டம்’னு அந்தாளு சொன்னதுக்கு நான் தலையாட்டிட்டு வந்தேன், இப்பவும் நினைச்சா எரியுது.

அந்த பில் விஷயத்துலதான் நம்ம ஆளுங்க அத்தனை பேரும் ஏமாறோம். பழைய சாமான் கடைன்னா பில் தரத் தேவையில்லன்னு யாரோ கிளப்பி விட்டிருக்காங்க. 2019 நுகர்வோர் சட்டப்படி பில் தராததே நேர்மையற்ற வணிக முறை. பழசையோ புதுப்பிச்சதையோ புதுசுன்னு சொல்லி விக்கிறதும் அதே பட்டியல்ல வருது. பழுதான பொருளை பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு எதுவும் சொல்லலன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுத்துப் பணம் தர மறுக்கிறதும் அதுல வருது. ‘வாபஸ் இல்ல’ன்னு அச்சடிச்சுட்டா சட்டம் மாறிடாது. உங்களுக்கு மூணு வாரம்தான் ஆகுது, அதனால இன்னைக்கே பழுது என்னன்னு எழுத்துல குடுங்க, வாட்ஸ்அப்லயும் அனுப்புங்க. உரிஞ்ச இடத்தை போட்டோ எடுங்க, ஜிபே ரசீதையும் அந்தத் துண்டுச் சீட்டையும் பத்திரமா வைங்க, அதுதான் உங்க பில். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டுப் புகார் பதியுங்க, மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரெண்டு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, 5 லட்சம் வரை ஃபீஸ் கிடையாது, வக்கீல் வச்சே ஆகணும்னும் இல்ல.

அடுத்து வாங்கப் போறவங்க கதவு ரப்பரை லேசா விலக்கி உள்ள என்ன கலர்னு பாருங்க. கீல் ஸ்குரூ மேலயும் பெயின்ட் ஏறியிருந்தா வெளியில அடிச்சது. ஒரு காந்தத்தைக் கீழ்ப் பக்கமா ஓட்டுங்க, பட்டி கனமா இருக்கிற இடத்துல புடிப்பு குறையும். உள்ள சீரியல் நம்பர் ஸ்டிக்கரே காணோம்னா திரும்பிப் பாக்காம நடையக் கட்டுங்க.

கே: ஆன்லைன்ல ‘குரோம் எஃபெக்ட்’ ஸ்ப்ரே வாங்கினேன். கேன்ல எம்ஆர்பி இல்ல, தயாரிச்ச தேதி இல்ல. மிக்ஸில அடிச்சா சாம்பல் கலர் வருது. (மதுரை)

ப: விலையும் தேதியும் இல்லாத கேனை வந்த அன்னைக்கே திருப்பி அனுப்பியிருக்கணும், அடிச்சுப் பாத்துட்டு என்கிட்ட வந்தா? புகார் குடுங்க. மிக்ஸி அடியில இருக்கிற காத்து ஓட்டையில பெயின்ட் அடைச்சிருந்தா சுரண்டி எடுத்துட்டு ஓட்டுங்க, இல்லன்னா மோட்டார் புகையும். நான் வாங்கின குரோம் கேன் ரெண்டு பரண்ல கெடக்கு, வேணும்னா தர்றேன்.