பினாங்கு 1846: கடலோர மலைச்சாலையை எப்படி வெட்டியிருப்பார்கள்?

கேள்வி: பினாங்குத் தீவில் 1846-இல் நடக்கும் நாவல் ஒன்று எழுதி வருகிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதி ஒருவன் வந்து இறங்கியதும் சாலை வேலைக்கு அனுப்பப்படுகிறான். 60 பேர் கொண்ட கூட்டம் மூன்றே மாதத்தில் 2 மைல் சாலை போடுகிறது. நகரத்தில் தொடங்கிக் கரையை ஒட்டியே வெட்டிக்கொண்டு போகிறார்கள், குறுக்கே வரும் பாறை முனைகளை டைனமைட் வைத்துத் தகர்க்கிறார்கள். கடைசியில் ஒரு புயலில் கடல் வந்து சாலையை அடித்துக்கொண்டு போகிறது. இதில் நம்ப முடியாதது எது? நாள் கணக்கும் வேலை முறையும் எப்படி இருந்திருக்கும்?

பதில்: முதலில் மாற்ற வேண்டியது முடிவு. பினாங்குக் கடலோரச் சாலைக்குப் பெரிய எதிரி கடல் இல்லை. மேற்கே சுமத்ரா மறைத்து நிற்பதால் பெருங்கடலின் அலை அங்கே முழு வேகத்தில் வருவதில்லை. சாலையை உடைப்பது மலைப்பக்கமிருந்து இறங்கும் மழைநீர்தான். கதையைத் தாங்கக்கூடிய அழிவு அங்கேதான் இருக்கிறது, அது கடல் சீற்றத்தைவிடக் கொடுமையாகவும் இருக்கும். ஏன் என்பது வேலை நடக்கும் வரிசையைப் பார்த்தால் புரியும்.

தீவின் வடகரையை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சோங் பூங்காவிலிருந்து பத்து ஃபெரிங்கி வழியாக தெலுக் பஹாங் வரை ஒரு மணல் குடா, ஒரு கருங்கல் முனை, மறுபடி ஒரு குடா என்று கரை மாறி மாறிப் போகும். இப்படிப்பட்ட கரையில் சாலையை ஒரு முனையில் தொடங்கி வெட்டிக்கொண்டே போக மாட்டார்கள். அரிசி, வெடிமருந்து, கருவி எல்லாம் படகில் வரும். படகு ஒதுங்கக்கூடிய குடா ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டகை போட்டு, பல இடங்களில் ஒரே நேரத்தில் வேலை தொடங்கலாம். குடாப் பகுதிகள் முதலில் முடியும், முனைகள் கடைசிவரை இழுக்கும். அமாவாசை, பௌர்ணமி ஓதத்துக்கும் வற்றுக்கும் நடுவே ஏறக்குறைய ஆளுயரம் வேறுபாடு இருக்கும் என்பதால், சரக்கு எப்போது இறங்கும் என்பதை ஓதம்தான் முடிவு செய்யும். உங்கள் கைதி நாளின் நேரத்தைத் தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் பார்த்தே அறிவான்.

அடுத்து, பாறை முனையைச் சுற்றிப் போவதா, ஏறி இறங்குவதா? மாட்டு வண்டி பாரத்தோடு ஏற 20-க்கு 1 சரிவு வேண்டும், அதாவது 20 அடி நடந்தால் 1 அடி உயர்வு. முனையின் முதுகு 200 அடி உயரம் என்றால் ஏற 4,000 அடி, இறங்க 4,000 அடி, மொத்தம் ஒன்றரை மைல். முனையைச் சுற்றினால் அதில் பாதித் தூரம்கூட இருக்காது, ஆனால் பாறையைக் குடைய வேண்டும். வெடிமருந்துக் கையிருப்பும் ஆள் பலமும் குறைவாக உள்ள பொறியாளர் ஏறிப் போவதையே தேர்ந்தெடுப்பார். உங்கள் கதையில் இரண்டு தரப்பு மோத வேண்டுமானால் இது நல்ல இடம். சரிவைக் குறிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. 10 அடிப் பலகையின் ஒரு நுனிக்கு அடியில் 6 அங்குலக் கட்டையை ஆணியடித்து, மேலே ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும் இடமாகப் பார்த்து முளை அடித்துக்கொண்டே போகலாம். அது துல்லியமாக 20-க்கு 1.

மண் சரிவில் 14 அடி அகலச் சாலை என்று வைத்துக் கணக்குப் போடுவோம். மலைச்சரிவு 30 பாகை. முழு அகலத்தையும் மலைக்குள் வெட்டினால், உள்பக்கம் செங்குத்தாக நின்றாலே 100 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 5,660 கன அடி மண் வரும். பாதி அகலம் மட்டும் வெட்டி, அந்த மண்ணை வெளிப்பக்கம் கொட்டி மீதிப் பாதியை உண்டாக்கினால் வெட்டு 1,410 கன அடிதான். அகலம் பாதியானால் மண் கால்வாசியாகிறது! மேலதிகாரி அவசரப்படுத்தும்போது எல்லாரும் இந்த வழிக்குத்தான் போவார்கள். ஆனால் தளர்வாகக் கொட்டிய மண் சுமார் 35 பாகைக்கு மேல் நிற்காது. 30 பாகைச் சரிவின் மேல் கொட்டியதற்கு நிற்க இடமே இருக்காது. பழைய சரிவைப் படிப்படியாக வெட்டாமல், புல்லையும் வேரையும் அகற்றாமல், காலடியில் கல்சுவர் கட்டாமல் கொட்டிய மண் முதல் பெருமழைக்கே பழைய புல்தரையின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இனி நாள் கணக்கு. 60 பேரில் சமையல், தண்ணீர், காய்ச்சல், காயம் எல்லாம் போக 50 பேர் கையில் கருவி பிடிப்பதாகக் கொள்ளுங்கள். மலை மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து கொட்டுவதற்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 50 கன அடி என்பது நியாயமான கணக்கு. உங்கள் 2 மைலில் 5,000 அடி மண் சரிவு என்றால், முழு வெட்டுக்கு மட்டும் 5,660 ஆள் நாள் (ஓர் ஆளின் ஒரு நாள் வேலை) ஆகும். தலா 300 அடியில் இரண்டு பாறை முனைகளுக்குத் துளையிடுவதற்கு மட்டும் சுமார் 1,600 ஆள் நாள், அதை எப்படிக் கணக்கிட்டேன் என்பதைக் கீழே சொல்கிறேன். மேலே 10 அடி அகலம், 6 அங்குலக் கனத்துக்கு ஜல்லி பரப்ப 52,800 கன அடி ஜல்லி வேண்டும். கருங்கல்லைக் கையால் உடைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 20 கன அடி என்றால் 2,640 ஆள் நாள். காடு வெட்டுதல், சுவர், மதகு (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் வழி), பாறை அகற்றுதல் ஆகியவற்றுக்கு இதில் பாதியைச் சேர்த்தால் மொத்தம் 15,000-ஐத் தொடும். 50 பேருக்கு 300 வேலை நாள். மழை நாளையும் ஓய்வு நாளையும் சேர்த்தால் ஒன்றேகால், ஒன்றரை ஆண்டு. மூன்று மாதத்தில் முடிய வேண்டுமானால் 300 பேராவது வேண்டும், அத்தனை பேருக்கும் படகில் அரிசி வர வேண்டும்.

டைனமைட்டை எடுத்துவிடுங்கள், அது 1867-இல்தான் வந்தது. நீராவி உருளையும் காற்றழுத்தத் துளைக்கருவியும் வேண்டாம். 1846-க்கு உரியது கருமருந்து. ஒருவன் இரும்பு உளியைப் பிடித்து ஒவ்வோர் அடிக்கும் சற்றுத் திருப்ப, இருவர் சம்மட்டியால் மாறி மாறி அடிப்பார்கள். கடினமான கருங்கல்லில் இரண்டேகால் அங்குல விட்டத் துளை, மூவருக்கு ஒரு முழு நாளில் 5 முதல் 6 அடி இறங்கும். துளையிலிருந்து பாறையின் திறந்த முகம் வரையுள்ள மிகக் குறுகிய தூரத்தை அடியில் அளந்து, அதன் கனத்தை (4 அடி என்றால் 4 × 4 × 4) 32-ஆல் வகுத்தால் வேண்டிய மருந்து பவுண்டில் வரும். அக்காலப் பொறியாளர் விதி இது. 2 அடிக்குக் கால் பவுண்டு, 4 அடிக்கு 2 பவுண்டு. தூரம் இரட்டித்தால் மருந்து எட்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். கண்மட்டாகப் போடும் மேற்பார்வையாளர் ஆளைக் கொல்வது இங்கேதான்.

300 அடி முனையில் சுமார் 17,000 கன அடி பாறை. 4 அடித் தூரத்தில் வைக்கும் ஒரு வெடி 64 கன அடியைப் பெயர்ப்பதாகக் கொண்டால் 265 துளை, 530 பவுண்டு மருந்து. துளைக்கு மூன்று ஆள் நாள் என்றால் முனை ஒன்றுக்கு ஏறக்குறைய 800. ஆறு குழுக்கள் அடித்தால் ஒன்றரை மாதம்.

5 அடித் துளையில் 2 பவுண்டு மருந்து அடியில் 15 அங்குலம்தான் நிற்கும். மேலே மீதி முழுவதும் உலர்ந்த களிமண்ணை இட்டு இடிப்பார்கள். இடிக்கும் கோலின் நுனியும், திரிக்கு வழிவிடும் ஊசியும் செம்பாக இருக்க வேண்டும். இரும்பு கருங்கல்லில் உரசிப் பொறி பறந்தால் இடிப்பவன் முகத்துக்கே வெடிக்கும். பிக்ஃபோர்டின் பாதுகாப்புத் திரி 1831-இலேயே வந்துவிட்டது, அடிக்கு அரை நிமிடம் என்ற அளவில் எரியும். அது கிடைக்காத இடத்தில் நாணல் குழாயிலோ இறகுத் தண்டிலோ மருந்தை அடைத்துப் பயன்படுத்தினார்கள், அதன் வேகத்தை நம்ப முடியாது. துளையில் நீர் ஊறினால் தார் பூசிய பையில் மருந்தைக் கட்டி இறக்க வேண்டும். வெடிக்காமல் போன துளையை மறுபடி தோண்டுவதுதான் மிகக் கொடிய தவறு. பக்கத்தில் புதுத்துளை போடுவதே முறை. ஒரு நாள் உழைப்பு வீணாகிறதே என்று பழைய துளையிலேயே உளியை இறக்கச் சொல்லும் ஒருவர் போதும், உங்களுக்கு ஓர் அத்தியாயம் கிடைத்துவிடும்.

கல்சுவர் பற்றி எழுதும்போது சுண்ணாம்புக் காரையில் முட்டை வெள்ளையும் வெல்லமும் கலந்ததாக எழுதத் தோன்றும். அந்தக் கலவை மேற்பூச்சுக்கு உரியது. இந்தியக் கைதிகள் கட்டி 1861-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் அப்படிப் பூசியிருக்கிறார்கள். சாலைத் தாங்குசுவருக்குக் காரையே இல்லாத அடுக்குக் கல்தான் நல்லது, தண்ணீர் கல் இடுக்கு வழியே தானாக வெளியேறிவிடும். மேலே 2 அடி கனம், முன்முகம் 4 அடி உயரத்துக்கு 1 அடி உள்ளே சாய்வு. 12 அடிச் சுவருக்கு அடியில் 5 அடி கனம் வரும். கல் வரிசைகள் மலைப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும், இடையிடையே சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்கே ஓடும் நீளக்கல் வேண்டும். முகத்தில் மட்டும் அழகான கல்லை வைத்து உள்ளே மண்ணையும் சில்லையும் நிரப்பிய சுவர் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே ஈரம் ஏறினால் முதலில் வயிறு தள்ளும், பிறகு ஒரே மூச்சில் விழும். இன்னொரு மலைத்தீவான ஹாங்காங்கில் 1994-இல் குவுன் லுங் லாவ் என்ற இடத்தில் பழைய கல்சுவர் சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். நினைத்ததைவிடச் சுவரின் கனம் குறைவு, மேலே புதைந்திருந்த வடிகால்களில் கசிவு என்பது விசாரணையில் தெரிந்தது. 1846-இல் கட்டிய சுவருக்கும் இதே இரண்டு நோய்கள்தான்.

ஓடைகளைக் கடக்கும் இடத்தில் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். முகத்துவாரத்திலேயே பாலம் போடுவது ஒன்று. அங்கே மணல்திட்டு நகர்ந்துகொண்டே இருக்கும், ஆகவே கரை உறுதியாக உள்ள இடம் வரை உள்வாங்கிப் போக வேண்டும். உப்புநீரில் சாதாரண மரத்தூண் நடுவது மற்றொன்று. கப்பல் புழு சில ஆண்டுகளிலேயே துளைத்துவிடும். மலாய் மீனவர்கள் கடலில் நடும் நிபோங் பனை தாங்கும் என்பதை உள்ளூர்க்காரர் ஒருவர் சொல்வதாக வைக்கலாம். ஈரம் காயாத அடித்தளத்தில் வெறும் சுண்ணாம்பு இறுகாது, செங்கல் பொடியான சுர்க்கியைக் கலக்க வேண்டும். தஞ்சாவூரில் கொத்தனாராக இருந்தவன் என்றால் இது உங்கள் நாயகனுக்கே தெரிந்திருக்கும்.

கூட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1845-இல் ஆளுநர் பட்டர்வொர்த் காலத்து விதிகள் நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்தன. புதிதாக வந்தவர்கள் நான்காம் வகுப்பில், இலேசான விலங்கோடு சாலையில் வேலை செய்தார்கள். நன்னடத்தையால் மூன்றாம் வகுப்புக்கு ஏறலாம், அதற்கு மேல் கைதிகளிலிருந்தே தண்டல்களும் (வேலையை மேய்க்கும் கங்காணிகள்) பியூன்களும் எடுக்கப்பட்டார்கள். நாயகனை அதட்டுபவன் வெள்ளைக்காரனாக இருப்பதைவிட, பத்து ஆண்டுக்கு முன் அதே விலங்கைப் போட்டிருந்த தண்டலாக இருப்பதே உண்மைக்கு நெருக்கம்.

காய்ச்சலை விட்டுவிடாதீர்கள். காடு வெட்டப்பட்டு மலை ஊற்றுகள் வெயிலுக்குத் திறந்தால், தெளிந்த நீரில் மலேரியாவைப் பரப்பும் கொசு பெருகும். ஓதம் ஏறி இறங்கும் சதுப்பின் குறுக்கே மதகில்லாமல் மண்மேடு போட்டால், தேங்கும் உப்பங்கழி நீரில் வேறொரு மலேரியாக் கொசு பெருகும். சாலையே நோயை உண்டாக்கிக்கொண்டு போகும். இது கொசுவால் வருகிறது என்று 1897 வரை நிறுவப்படவில்லை. உங்கள் பாத்திரங்கள் சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றைத்தான் பழிக்க வேண்டும்.

இப்போது அழிவுக் காட்சி. பினாங்கில் வறண்ட மாதங்கள் ஜனவரி, பிப்ரவரி. பெருமழை செப்டம்பர், அக்டோபரில். வறட்சியில் வெட்டிய இற்றுப்போன கருங்கல் மண் சுவர்போலச் செங்குத்தாக நிற்கும். மண்துகள்களுக்கு இடையில் உள்ள சிறிதளவு ஈரமே அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. முழுக்க நனைந்ததும் அந்தப் பிடி போய்விடும். மண்ணுக்குள் புதைந்து நிற்கும் உருண்டைப் பாறைகளும் அதோடு கழன்று வரும். ஆகவே பிப்ரவரியில் வெட்டி, எட்டு மாதம் அசையாமல் நின்று, எல்லாரும் நம்பிவிட்ட பிறகு விழுவதாக எழுதுங்கள். முன்னறிகுறிகளும் உண்டு. சாலையின் வெளி ஓரத்துக்கு இணையாக விரல் நுழையும் வெடிப்பு ஓடும். சுவரிலிருந்து கசியும் தெளிநீர் கலங்கிச் சிவக்கும். கொட்டும் மழையிலும் ஒரு மதகு திடீரென்று வறண்டுபோகும். மேலே கிளையும் மண்ணும் அடைத்து, தண்ணீர் சாலைக்கு அடியில் வழி தேடுகிறது என்பது அதன் பொருள். வெட்டுமுகத்துக்கு மேலே மழைநீரைத் திருப்ப வெட்டிய வாய்க்காலுக்குக் கல் பாவாமல் விட்டிருந்தால், அதுவே சரிவுக்குள் தண்ணீர் இறக்கும் குழாயாகிவிடும். பொறுப்புள்ள தண்டல் ஆகஸ்ட் மாதத்திலேயே நான்கைந்து பேரை மதகு தூர்வார அனுப்புவான். உங்கள் கதையில் அந்த ஆட்கள் அப்போது முனையில் துளையடிக்க இழுக்கப்பட்டிருந்தால், அக்டோபரில் சாலை போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.