வீட்டிலிருந்து வேலை செய்யும் குழுவுக்குள் அலுவலகம் மாதிரி சட்டென்று பேசிக்கொள்ளும் பழக்கத்தைக் குரல் செயலிகளால் கொண்டுவர முடியுமா?

முடியும், ஆனால் கூடுதலாக மீட்டிங் வைத்து அல்ல. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் "இந்த எரர் ஏன் வருது, கொஞ்சம் பாரேன்" என்று கேட்கிறோமே, அதற்கு யாரும் நேரம் குறிப்பதில்லை. இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக்கூடப் பேச்சு மளமளவென்று குறைகிறது என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களிலேயே காட்டிவிட்டார்.

டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியின் குரல் சேனல் இதற்கு நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் அதில் யாரும் யாரையும் அழைப்பதில்லை, மணியும் அடிப்பதில்லை, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பக்கத்திலேயே பெயர்கள் தெரியும், கிளிக் செய்தால் நுழைந்துவிடலாம், வேலை முடிந்ததும் கிளம்பிவிடலாம். அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கில் 2021இல் வந்த ஹடில் என்ற பேச்சு வசதியும் ஏறக்குறைய இதே வகைதான். கேமரா வேண்டாம், முகம் காட்டணும் என்றாலே பலர் ஒதுங்கிவிடுவார்கள். பட்டனை அழுத்தினால் மட்டும் மைக் திறக்கும்படி வைத்தால் கீபோர்டு சத்தம் யார் காதையும் குடையாது.

நாள் முழுக்க சேனலில் இருந்தே ஆகணும் என்று கட்டாயப்படுத்தினால் அது கண்காணிப்பு ஆகிவிடும் (மேலாளர் சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்). தினமும் ஓரிரு மணிநேரம் போதும். அப்புறம், பேசி எடுத்த முடிவை இரண்டு வரியில் எழுதிப் போடுங்கள், வேறு நேர மண்டலத்தில் தூங்கிக்கொண்டிருப்பவருக்கும் தெரியவேண்டுமே.