ஹக்கா மக்களின் வட்ட மண் வீடுகள் மழையில் கரையாமல் நிற்பது எப்படி?

கேள்வி: தென் சீனாவில் ஹக்கா மக்கள் கட்டிய ‘துலோ’ மண் வீடுகள் முந்நூறு ஆண்டு தாண்டியும் நிற்கின்றனவே, சுவரில் அரிசிக் கஞ்சியும் வெல்லமும் கலந்ததுதான் காரணமா?

கஞ்சி, வெல்லம் எல்லாம் உண்மைதான். நம்மூர்ச் சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த மாதிரி, வசதியுள்ளவர்கள் சில கட்டடங்களில் மண், மணல், சுண்ணாம்போடு ஒட்டரிசிக் கஞ்சியும் சர்க்கரையும் கலந்தார்கள். ஆனால் பெரும்பாலான சுவர்கள் வெறும் செம்மண். அதைக் காப்பாற்றுவது கீழே இருக்கும் கல்லும் மேலே இருக்கும் ஓடும்.

கடகாலை ஆற்றுக் கல்லால் நிரப்பி, வெள்ளம் வந்தாலும் மண்ணைத் தொடாத உயரத்துக்குக் கல் சுவரை எழுப்பிவிடுவார்கள். மண் அதற்கு மேல்தான். புது மண்ணை அப்படியே போட்டால் காய்ந்ததும் வெடிக்கும். அதனால் இடிந்த பழைய சுவர் மண்ணையும் கலந்து, பலமுறை வெட்டிப் புரட்டிப் புளிக்க விடுவார்கள். பதம் பார்ப்பது கையால்தான்: இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கீழே போட்டால் உதிர வேண்டும். ஈரம் கூடினால் இடிக்க இடிக்க மண் பிதுங்கும், காயும்போது விரிசல் விடும். குறைந்தால் அடுக்கோடு அடுக்கு ஒட்டாது.

ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளம், சுமார் 40 செ.மீ. உயரமுள்ள பலகைப் பெட்டியைச் சுவர்மேல் மாட்டி, நான்கைந்து அடுக்காக மண்ணைக் கொட்டி திமிசுக் கட்டையால் இடிப்பார்கள். இடையிடையே மூங்கில் பிளாச்சும் மரக்கழியும் படுக்க வைப்பார்கள், கான்கிரீட்டில் கம்பி போல. செங்கல் கட்டுமானம் போலவே, மேல்பெட்டியின் இணைப்பு கீழ்ப்பெட்டியின் இணைப்புக்கு நேராக வரக்கூடாது. பெரிய வீடுகளில் சுவர் அடியில் சுமார் ஒன்றரை மீட்டர் தடிமனாகத் தொடங்கி மேலே போகப் போக மெலியும்.

அவசரப்பட்டால் கெட்டது. கீழ்ச்சுவர் காயாமல் மேலே ஏற்றினால் பாரம் தாங்காமல் பிதுங்கும். பெரிய வீடுகளில் ஆண்டுக்கு ஒரு மாடிதான். இன்னொரு சிக்கல் வெயில். ‘வெயில் சுவரைத் தள்ளும்’ என்பது அங்கத்திய கொத்தனார் பேச்சு. வெயில் படும் பக்கம் முதலில் இறுகிவிடும், நிழல் பக்கம் ஈரமாகவே இருந்து பாரத்தில் அமுங்கும், சுவர் நிழல் பக்கம் சாயும். அதனால் கட்டும்போதே சுவரை வெயில் பக்கமாக ஒரு நூல் சாய்த்து எழுப்புவார்கள், காய்ந்தபின் நேராகிவிடும். கடைசியில் சுவரை விட்டு வெகுதூரம் நீளும் ஓட்டு இறவாரம்.

இவ்வளவு பாடு எதற்கு? ஹக்கா என்றாலே ‘விருந்தாளிக் குடி’, உள்ளூர்க்காரன் பார்வையில் வந்தேறி. வடக்கே மஞ்சள் ஆற்றுச் சமவெளியில் போரும் குழப்பமும் மூண்டபோதெல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் தெற்கே நகர்ந்து, நல்ல நிலத்தில் எல்லாம் ஆளிருக்க, ஃபுஜியான், குவாங்டோங், ஜியாங்ஸி மாகாணங்கள் சந்திக்கும் மலைகளில் தங்கியவர்கள். கொள்ளைக்காரர்கள், நிலத் தகராறு இரண்டுமே அங்கே அன்றாடம். குவாங்டோங்கில் 1855 முதல் 1867 வரை உள்ளூராரோடு நடந்த சண்டையில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள்.

வீட்டின் அமைப்பிலும் அந்தப் பயம் தெரியும். கீழ்த்தளம் சமையல், அடுத்தது தானியம். இரண்டிலும் வெளிப்பக்கம் ஜன்னல் கிடையாது. மேல் மாடிகள் படுக்க. வாசற்கதவுக்கு இரும்புத் தகடு. தீ வைத்தால் மேலிருந்து தண்ணீர் ஊற்ற நிலைக்கு மேலே துவாரம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தரையிலிருந்து கூரைவரை ஒரே நெடுக்கில் ஒரு பங்கு, மாடிப்படி மட்டும் பொது. ஃபுஜியானின் யோங்டிங்கில் 1709இல் முடிந்த செங்சி லோ என்ற துலோவின் வெளிவட்டத்தில் மாடிக்கு 72 அறை, நான்கு மாடிக்கு 288.

பாதுகாப்பு மட்டும் காரணமென்றும் சொல்லிவிட முடியாது. யோங்டிங்கின் பெரிய வீடுகள் பலவற்றுக்குப் பின்னால் புகையிலைப் பணம் உண்டு. 1912இல் எழுந்த ஜென்செங் லோ, புகையிலை வெட்டும் கத்தி விற்றுப் பணக்காரரான குடும்பத்துடையது. யுனெஸ்கோ 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 46 வீடுகளில் சில ஹக்காக்களுடையவை அல்ல. ஃபுஜியானின் ஹுவா-ஆனில் உள்ள எர்யி லோ, தென் ஃபுஜியானின் மின்னான் மக்களுடையது. அங்கே குடும்பத்துக்கொரு தனிப் படிக்கட்டு.

இன்று இடிபவை பெரும்பாலும் ஆள் காலிசெய்த வீடுகள். நழுவிய ஓடுகளை யாரும் திருப்பி வைக்காததால் தண்ணீர் சுவரின் தலையில் இறங்கி, மண் மேலிருந்து கரைந்து வருகிறது.