அட்டையில் 500 மில்லிகிராம், மாத்திரைக்குள் எவ்வளவு?

பாராசிட்டமாலில் மருந்து சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? (செந்தூல் வாசகி)

பிரிட்டிஷ் மருந்துநூல் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறை இது. இருபது மாத்திரைகளை எடை போட்டுப் பொடிப்பார்கள். 150 மில்லிகிராம் மருந்து இருக்கவேண்டிய அளவு தூளை எடுத்து, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கால் மணி நேரம் குலுக்கி, 200 மில்லிலிட்டராக்கி வடிகட்டுவார்கள். பிறகு பத்து மடங்கு நீர்த்து, மறுபடியும் பத்து மடங்கு. கடைசியில் மில்லிலிட்டருக்கு 7.5 மைக்ரோகிராம்தான் இருக்கும். கண்ணுக்கு வெறும் தண்ணீர். ஆனால் 257 நானோமீட்டர் புற ஊதா ஒளியை உள்ளே விட்டால் மருந்து அதை விழுங்கிவிடும். எவ்வளவு ஒளி விழுங்கப்பட்டது என்று அளக்கும் கருவிக்கு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்று பெயர்; முழு அளவு இருந்தால் அது 0.536ஐ ஒட்டிக் காட்டும். 0.48 என்றால் மாத்திரையில் 450 மில்லிகிராம்கூட இல்லை; 95 முதல் 105 விழுக்காட்டுக்குள் வந்தால்தான் தேறும்.

ஒரே கரைசல், எனக்கும் தோழிக்கும் வேறு வேறு அளவு. கருவி பழுதா? (குளுகோர் மாணவி)

முதலில் குவெட்டை, அதாவது கரைசலை ஊற்றிக் கருவிக்குள் வைக்கும் சின்னக் குப்பியைப் பாருங்கள்மா. விரல் ரேகை, சுவரில் ஒட்டிய காற்றுக்குமிழி, இரண்டுமே அளவைக் கூட்டிவிடும். சாதாரணக் கண்ணாடி புற ஊதாவைத் தானே விழுங்கும்; குவார்ட்ஸ்தான் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நல்ல மாத்திரைகளை ஒரு நாள் முழுக்கச் சந்தேகப்பட்டேன். குவெட்டைக் கழுவியதும் எல்லாம் சரியாக வந்தது. அன்றிலிருந்து துடைக்காமல் எதையும் உள்ளே வைத்ததில்லை.

பழைய ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் புளித்த வாடை. சாப்பிடலாமா? (பட்டர்வொர்த்)

வேண்டாம். அது வினிகர் வாடை. ஈரம் பட்டு ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரிந்திருக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்துக்காகத்தான் மலேசியாவில் மருந்துகளை 30 டிகிரியிலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைத்துச் சோதிக்கிறார்கள்.

அப்பா மூட்டுவலிக்குச் சாப்பிடும் மூலிகைத்தூளில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று இந்தக் கருவியில் பார்க்கலாமா? (பிரிக்பீல்ட்ஸ்)

முடியாது. ஒளி எவ்வளவு விழுங்கப்பட்டது என்றுதான் இது சொல்லும். விழுங்கியது எது என்று சொல்லாது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 240 நானோமீட்டரை ஒட்டி விழுங்கும், மூலிகையின் சொந்தச் சத்துகளும் அங்கேயே விழுங்கும். கலவையில் உள்ளவற்றைத் தனித்தனியாக்கும் குரோமட்டோகிராபி முறையில் பிரித்துப் பார்த்தால்தான் பிடிபடும். இப்படிக் கலப்படம் செய்த தூள்கள் மலேசியாவில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. பாக்கெட்டில் 'MAL' என்று தொடங்கி, இலக்கங்களுக்குப் பின் 'T' என்ற எழுத்து வரும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அந்தத் தூளை நம்பவே வேண்டாம். ஆனால் அப்பா மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். உள்ளே ஸ்டீராய்டு இருந்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். நாளைக் காலையே பாக்கெட்டோடு கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.