சனி ஏன் வெள்ளைப் பொட்டாக ஆடியது?

ஐயா,

வணக்கம். கடலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். எங்களிடம் உள்ள 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை மொட்டை மாடியில் வைத்து ஊர்மக்களுக்கு வானம் காட்டினோம். இருநூறு பேர் வந்துவிட்டார்கள். வெகுநேரம் வரிசையில் நின்று சனியைப் பார்த்தவர்கள், "வெள்ளையா ஒரு பொட்டு ஆடுது, அவ்வளவுதான் சார்" என்று இறங்கிப் போனார்கள். கண் வைக்கிற இடத்தில் 10 மி.மீ. ஐபீஸோடு, உருவத்தை இன்னும் பெரிதாக்கும் பார்லோ லென்ஸும் போட்டுத்தான் காட்டினோம். பெரிய தொலைநோக்கி கேட்டு நிர்வாகத்துக்கு எழுதலாமா? அடுத்த முறை எந்த நாளில் வைப்பது?

ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

எழுத வேண்டாம். சனியின் வளையம் 3 அங்குலத்திலேயே தெரியும். 8 அங்குலம் தாராளம். காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் யாரும் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை, அங்கே பார்ப்பது கருவி. மக்களுக்குக் காட்ட அளவு பெரிய விஷயமே இல்லை. உங்களைக் கவிழ்த்தது பார்லோவும் மொட்டை மாடியும்.

8 அங்குல டாப்சோனியன் பெரும்பாலும் 1200 மி.மீ. குவியத்தூரத்தில் வரும். 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 120 மடங்கு, அதன்மேல் இரட்டிப்புப் பார்லோ, ஆக 240. அப்போது குழாய்க்குள் தெரியும் வானத்தின் அகலம் கால் பாகைகூட இல்லை. வானமோ நிமிடத்துக்குக் கால் பாகை நகர்கிறது. நீங்கள் சனியை நடுவில் நிறுத்திவிட்டு விலகி, ஒரு பாட்டி வந்து குனிந்து கண்ணை வைப்பதற்குள் அது வெளியே போயிருக்கும். பலர் பார்த்தது சனியே இல்லை, ஐபீஸில் பட்ட ஏதோ வெளிச்சம் என்றாலும் வியப்பதற்கில்லை.

25 மி.மீ. ஐபீஸ் போடுங்கள். 48 மடங்கு, சுமார் ஒரு பாகை அகலம். சனி சின்னதாக இருக்கும், ஆனால் கத்தரித்து வைத்தாற்போல் இருக்கும். அதை நடுவில் வைக்காமல், நுழைகிற விளிம்புக்குச் சற்று உள்ளே வையுங்கள். மூன்று நிமிடமாவது உள்ளேயே நகர்ந்துகொண்டிருக்கும். மூன்று நான்கு பேர் பார்த்தபின் குழாயைத் தள்ளினால் போதும். 2025 மார்ச்சில் வளையம் விளிம்பைக் காட்டிக் கோடாகிப் போனது. இனி ஆண்டுக்காண்டு விரிந்து 2032 வாக்கில் நன்றாகத் திறக்கும். ஒல்லியாக இருக்கும் ஆண்டுகளில் 15 மி.மீ. வரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

"ஆடுது" என்றார்களே, அது மாடியின் வேலை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவு வெகுநேரம் சூட்டைக் கக்கும். அந்தக் காற்றினூடே எந்தக் கிரகமும் கொதிக்கும். கூடவே இருநூறு பேர் நடக்கிற அதிர்வு. மைதானத்தில் புல்தரைக்கு இறக்கிவிடுங்கள். பல்கலைக்கழக வானாய்வகங்களில் குவிமாடத்துக்குள் கூட்டத்தை அடைத்தாலும் இதே கதிதான். ஆட்களின் உடற்சூடு தொலைநோக்கி பார்க்கிற குவிமாடத் திறப்பு வழியாகத்தான் வெளியேறும்.

ஏசி அறையில் கருவியை வைத்திருந்தால் முதல் நாளே சாதாரண அறைக்கு மாற்றுங்கள். நம் கடற்கரைக் காற்றில் குளிர்ந்த கண்ணாடி வெளியே வந்ததும் வியர்த்துவிடும். டாப்சோனியனில் பெரிய ஆடி குழாயின் அடியில் இருப்பதால் எளிதில் பனி படியாது. குறிபார்க்கக் குழாயின் மேல் பூட்டிய சின்ன ஃபைண்டரும் ஐபீஸும்தான் முதலில் மங்கும். கைக்குட்டையால் துடைக்கவே கூடாது, அதிலிருக்கும் உப்புத்தூசி பூச்சைக் கீறும். ஹேர் டிரையரை மெல்லிய சூட்டில் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். மாற்று ஐபீஸ் சட்டைப் பையில், உடம்புச் சூட்டிலேயே இருக்கட்டும்.

ஃபைண்டரைப் பகலிலேயே சரிசெய்துவிடுங்கள். பாடலீஸ்வரர் கோயில் கோபுரக் கலசம் தெரிகிற இடமென்றால் அதுவே போதும். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள்.

வரிசைக்கு வருகிறேன். ஒருவர் பார்க்க 30 நொடி, ஏறி இறங்க 20 நொடி. மணிக்கு எழுபது பேருக்கு மேல் ஓடாது. இருநூறு பேர் என்றால் மூன்று மணி நேரம். ஆகவே இன்னொரு சின்னத் தொலைநோக்கியில் நிலா, ஸ்டாண்டில் பூட்டிய 10x50 பைனாகுலரில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் என்று பிரியுங்கள். வரிசையில் பத்தாவது ஆள் பக்கத்தில் ஒரு மாணவரை நிறுத்தி, எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று படம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். பலன் தருவதில் இதுதான் முதலிடம், செலவு ஒரு சாக்பீஸ். ஐபீஸ் அருகே ஒரு நாற்காலியின் முதுகைத் திருப்பி வையுங்கள், பிடித்துக்கொள்ள. இல்லாவிட்டால் குழாயைத்தான் பிடிப்பார்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருகிக்கொள்ளலாம். கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர் உள்ளவர்கள் கழற்றக் கூடாது.

நாள்: வளர்பிறை சஷ்டி, சப்தமி. பௌர்ணமிக்கு வைக்கச் சொல்லி யாராவது கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். அன்று நிலாவில் நிழலே விழாது, பள்ளம் மேடு எதுவும் தெரியாமல் கண் மட்டும் கூசும். அஷ்டமியில் நிலா அழகுதான், ஆனால் மாலையில் உச்சிக்கு அருகே நிற்கும். டாப்சோனியனை அங்கே திருப்புவது பெரும்பாடு. மாதம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஐப்பசி, கார்த்திகை மழையோடு மல்லுக்கட்டாதீர்கள்.

பிப்ரவரி இரவு எட்டரை, ஒன்பது மணிக்குத் தெற்கே 25 பாகை உயரத்தில் அகத்திய நட்சத்திரம் நிற்கும், வெறுங்கண்ணுக்கே விருந்து. மே மாதம் பத்து மணி வாக்கில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து 30 பாகைக்கு ஏறும். வட ஐரோப்பாவில் இருப்பவருக்கு அது எழுவதே இல்லை. ஆனால் தெற்கே சிப்காட் வெளிச்சம் மறைக்காத மூலையாகப் பாருங்கள்.

மேகத்துக்கு மாற்றுத் தேதியை அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து வந்து புதுச்சேரியில் காத்திருந்த லெ ஜென்டீலுக்கே 1769 ஜூன் 4 காலை மேகம்தான் கிடைத்தது. அவருக்கு மாற்றுத் தேதி 1874.

இன்னொரு யோசனை. ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 வாக்கில் கடலூர், புதுச்சேரி இரண்டிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. சமதளத்தில் நேராக நிறுத்திய டம்ளரின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஏப்ரலில் 12:10-ஐ ஒட்டி, ஆகஸ்டில் அதற்கு நான்கைந்து நிமிடம் பின்னால். இரண்டு நாள் முன்பின் ஆனாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பள்ளி வேலை நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.