கட்டளை வரிக் கருவியில் தேதியைச் சரிபார்க்க ரெஜெக்ஸ் (உரையின் வடிவத்தை விவரிக்கும் குறியீடு, regex) மட்டும் போதுமா?

போதாது. நான்கு இலக்கம், கோடு, இரண்டு இலக்கம், கோடு, இரண்டு இலக்கம் என்று வடிவத்தை மட்டும் பார்க்கும் ரெஜெக்ஸ், 2023-02-30ஐயும் ஏற்றுக்கொள்ளும். மாதத்தின் நாட்களும் லீப் ஆண்டும் அதற்குத் தெரியாது. 2000 லீப் ஆண்டு, 1900 இல்லை. இந்தக் கணக்கை ரெஜெக்ஸுக்குள் திணிக்க வேண்டாம், தேதிகளைக் கையாளும் ஆயத்த நிரல் நூலகத்திடம் விடுங்கள்.

ஆனால் நூலகமும் தாராளமாக நடந்துகொள்ளும், கவனம் தேவை. சி மொழியில் தேதியை நேர எண்ணாக மாற்றும் எம்கேடைம் (mktime) பிப்ரவரி 30ஐச் சத்தமில்லாமல் மார்ச் 2 ஆக்கிவிடும் (லீப் ஆண்டில் மார்ச் 1). பைத்தானில் உரையைத் தேதியாக மாற்றும் எஸ்டிஆர்பிடைம் (strptime), பூஜ்யங்கள் விடுபட்ட 2024-2-5ஐயும் ஏற்கும். லினக்ஸில் உள்ள குனு டேட் (date) கட்டளையோ காலி உரையைக் கொடுத்தால் பிழை சொல்லாது, இன்றைய நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்டில் தேதியை வைத்திருக்கும் மாறி (variable) காலியாக இருந்தால் தவறான நாளின் கோப்புகள் அழிய இது ஒன்றே போதும்.

நம்பகமான வழி: உள்ளீட்டைத் தேதியாக மாற்றுங்கள், அதையே மீண்டும் ஆண்டு-மாதம்-நாள் உரையாக்குங்கள், இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எல்லாப் பிழைகளும் இதில் சிக்கும். குனு டேட்டில் யுடிசி (உலகப் பொது நேரம், UTC) விருப்பத்தையும் சேருங்கள். இல்லையென்றால், கடிகாரத்தை முன்தள்ளும் நேரமாற்றத்தால் நள்ளிரவே இல்லாத நாளில், சரியான தேதியையும் அது நிராகரிக்கக்கூடும்.

05/04/2024 ஏப்ரலா மே மாதமா என்று எந்த நிரலாலும் கண்டுபிடிக்க முடியாது. ஊகிக்காமல் மறுத்துவிடுங்கள். பிழைச்செய்தியில் கிடைத்த மதிப்பையும் எதிர்பார்த்த வடிவத்தையும் காட்டி, ஸ்டாண்டர்ட் எரரில் (பிழைச்செய்திகளுக்கான தனி வெளியீடு, stderr) எழுதி, தோல்வியைக் குறிக்கும் பூஜ்யமல்லாத குறியீட்டுடன் வெளியேறுங்கள். கட்டளை வரி உள்ளீட்டைப் படிக்கும் பைத்தானின் ஆர்க்பார்ஸ் (argparse) இதற்கு 2ஐத் தரும்.