ஊதினால் பத்தாயிரம்

கேள்வி: ஒயின்ஷாப்பிலிருந்து நூறு அடி தள்ளி நின்றுகொண்டு ஊதச் சொல்கிறார்கள். நான் வண்டியை இன்னும் ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை. அடித்ததும் ஒரே ஒரு குவார்ட்டர்தான். பத்தாயிரம் ரூபாயாம்! என் பழைய வண்டியை விற்றாலே எட்டாயிரம்தான் தேறும். அரசே விற்குமாம், அரசே பிடிக்குமாம். தெரிந்தவர் ஒருவர் மூவாயிரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். இது என்ன நியாயம், ஆசிரியரே?

— பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: பெயரை மறைத்துவிட்டோம். குவார்ட்டரை மறைக்க முடியாது, அது கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் அந்த 'ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை'யைப் பார்ப்போம். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு, குடித்துவிட்டு ஓட்டுகிறவரோடு சேர்த்து ஓட்ட முயல்கிறவரையும் சொல்கிறது. நீங்கள் ஸ்டாண்டை எடுத்து, சாவியைப் போட்டு, கிக்கரில் காலையும் வைத்துவிட்டால் முயற்சி முடிந்தது. வண்டிக்குத் துணையாக நின்றேன் என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிப் பாருங்கள், அவருக்கும் அன்றைக்குச் சிரிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

அப்புறம் அந்த 'ஒரே ஒரு குவார்ட்டர்'. 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால், இதுதான் சட்டம் போட்டிருக்கும் கோடு. குவார்ட்டர் என்றால் 180 மி.லி.; நம் ஊர் பிராந்தியிலும் ரம்மிலும் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 77 மி.லி. சுத்த ஆல்கஹால். எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணின் ரத்தத்தில் அது 120 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். சட்டம் போட்ட அந்த அளவைப் போல நான்கு மடங்கு. ஈரல் அதே 100 மி.லி. ரத்தக் கணக்கில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கரைக்கும் என்பதால், 30-க்கு இறங்கி வர ஆறு மணி நேரமாவது ஆகும். ஆளுக்கு ஆள், வயிற்றில் இருக்கும் சாப்பாட்டுக்குத் தகுந்தபடி இது கொஞ்சம் முன்னே பின்னே போகும். ராத்திரி பத்து மணிக்கு இரண்டு குவார்ட்டர் அடித்தவர் காலையில் குளித்து, விபூதி பூசி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடக் கிளம்பும்போதும் சட்டத்தின் கண்ணில் குடிகாரர்தான். மோர், எலுமிச்சம்பழம், கொய்யா இலை, வெற்றிலைபாக்கு எல்லாம் வாய் நாற்றத்துக்கு ஆகும். மெஷின் பிடிப்பது நுரையீரலிலிருந்து வரும் காற்றை.

சரி, தொகைக்கு வருவோம். 2019 ஆகஸ்ட் வரை முதல் தடவை பிடிபட்டால் அதிகபட்சம் இரண்டாயிரம்தான். அந்த வருடம் செப்டம்பர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த திருத்தம் அதைப் பத்தாயிரம் ஆக்கியது. தமிழ்நாட்டில் புதிய தொகைகள் நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபர் கடைசியில். ஆனால் சட்டத்தில் எழுதியிருப்பது பத்தாயிரம் மட்டுமில்லை. ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடியும் மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது பதினைந்தாயிரம், அல்லது இரண்டும். சிறை என்ற அந்த முதல் வார்த்தை ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. உங்கள் கடிதத்திலும் இல்லை. ஃபைன் எவ்வளவு, யாரிடம் சொன்னால் குறையும் என்று சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரி பேசிக்கொண்டிருக்கிறோம்.

பேரம் என்றதும் அந்த மூவாயிரத்துக்காரர் நினைவுக்கு வருகிறார். ஹெல்மெட் போடாதது மாதிரியான குற்றங்களுக்கு போலீஸே அபராதம் வாங்கிக்கொண்டு ரசீது தந்து முடித்துவிடலாம். அப்படி முடிக்கக்கூடியவற்றைச் சட்டத்தின் 200-வது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. அதில் 185 கிடையாது. உங்கள் வழக்கை முடிக்க வேண்டியது நீதிமன்றம். ஆகவே ரோட்டில் யார் வாங்கினாலும், நடுவில் யார் வாங்கிக் கொடுத்தாலும் அது லஞ்சம். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுத்தவருக்கும் ஏழு வருடம் வரை சிறை உண்டு. ஆறு மாத வழக்கிலிருந்து தப்பிக்க ஏழு வருட வழக்கை மூவாயிரம் கொடுத்து வாங்கப்போகிறீர்கள். குவார்ட்டர் இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது.

உங்கள் புகாரில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். எட்டாயிரம் ரூபாய் வண்டிக்காரருக்கும் எண்பது லட்சம் ரூபாய் கார்க்காரருக்கும் ஒரே பத்தாயிரம் என்பது எனக்கும் உறுத்துகிறது. ஒருவருக்கு அது ஒரு மாதச் சோறு, இன்னொருவருக்கு ஓட்டலில் வைக்கும் டிப்ஸ். ஃபின்லாந்தில் இந்த மாதிரிக் குற்றங்களுக்கு ஆளின் வருமானத்தைப் பார்த்து அபராதத்தைக் கணக்கிடுகிறார்கள். இங்கேயும் யோசிக்கலாம். ஆனால் அப்படி யோசித்தால் கார்க்காரரின் தொகைதான் ஏற வேண்டும், உங்களுடையது மூவாயிரத்துக்கு இறங்க வேண்டியதில்லை.

'அரசே விற்குமாம்' என்பதிலும் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். 2003 முதல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் வைத்திருக்கிறது. 2023-24-இல் அதன் மூலம் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். வண்டி நிறுத்த வசதியோடு பார் நடக்கிறது. வந்தவர்கள் எப்படித் திரும்பிப் போவார்கள் என்று உரிமம் கொடுத்தவர்களுக்குத் தெரியாதா? நெடுஞ்சாலை ஓரக் கடைகளை எதிர்த்து இங்கேதான் பா.ம.க. வழக்கறிஞர் கே.பாலு வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 டிசம்பர் 15-ஆம் தேதி தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று தீர்ப்பு வந்தது. உடனே என்ன நடந்தது? நாட்டின் பல இடங்களில் கடையை நகர்த்துவதற்குப் பதிலாகச் சாலையின் பெயரை மாற்ற ஆரம்பித்தார்கள். மாநில நெடுஞ்சாலை ஒரே இரவில் நகராட்சிச் சாலை ஆனது. 2017 ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கமும் கொடுத்துவிட்டது. கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்தக் கோபத்தை ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு காட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. கடைக்காரர் பாட்டிலைத்தான் கொடுத்தார், சாவி உங்கள் பையில் இருந்தது.

பத்தாயிரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். யார் மீதாவது மோதிவிட்டால் அந்தத் தொகையை யாரும் எடுத்துப் பேசமாட்டார்கள். 2006 நவம்பர் 12-ஆம் தேதி விடியற்காலை மும்பை பாந்த்ராவில் கார்ட்டர் சாலை நடைபாதையில் கட்டுமானத் தொழிலாளிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அலிஸ்டர் பரேரா என்ற இளைஞர் குடித்துவிட்டு ஓட்டிவந்த கார் அவர்கள் மேல் ஏறியது. ஏழு பேர் செத்தார்கள், எட்டுப் பேருக்குக் காயம். கீழ் நீதிமன்றம் கவனக்குறைவு என்று சொல்லி ஆறு மாதம் கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதைக் கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றமாக்கி மூன்று வருடமாக உயர்த்தியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இப்படி ஓட்டினால் ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே ஓட்டியதாக எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஏழு உயிருக்கு மூன்று வருடம் போதுமா என்று கேட்டால் போதாது என்பேன். இப்போது 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் கவனக்குறைவால் ஏற்படும் மரணத்துக்கே ஐந்து வருடம் வரை, தெரிந்தே செய்ததாக நிரூபணம் ஆனால் பத்து வருடம் வரை சிறை.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். அடிபட்டவருக்கு கம்பெனி கொடுக்கும். கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உங்களிடமே வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் பல வழக்குகளில் வழி விட்டிருக்கின்றன. உங்கள் வண்டியின் சேதத்துக்கு நயா பைசா வராது. ஊதாமல் தப்பித்தாலும் இதே கதைதான். டில்லி இந்தியா கேட் அருகே 2007-இல் மோதி நாசமான ஒரு போர்ஷே கார் விஷயத்தில், ஊதும் சோதனையே நடக்காவிட்டாலும் மற்றச் சாட்சியங்களை வைத்துக் குடித்திருந்தார் என்று முடிவு செய்து கம்பெனி பணம் தர மறுக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கடிதத்தின் ஓரத்தில் 'பின்னால் உட்கார்ந்த மச்சான் மேலும் கேஸ் போடுவோம் என்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். போடலாம். 188-வது பிரிவு, உடந்தை. ஓட்டுகிறவர் குடித்திருப்பது தெரிந்தே ஏறினால் அவருக்கும் அதே தண்டனை. 2022 அக்டோபரில் சென்னை போக்குவரத்து போலீஸ் இதை வெளிப்படையாகவே அறிவித்தது. குடிக்காதவர் அவர் என்றால், சாவியை அவரிடம் கொடுத்திருக்கலாமே?

உங்களுக்கும் ஓர் உரிமை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிரிவில் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று 202-வது பிரிவு சொல்கிறது. அந்தச் சோதனைக்குக் காரணமில்லாமல் மறுத்தீர்களானால் அந்த மறுப்பே உங்களுக்கு எதிரான சாட்சியாகும்.

சம்மன் வந்தால் போங்கள். பணத்தைக் கட்டி ரசீது வாங்குங்கள். லைசென்ஸை ஆர்.டி.ஓ. மூன்று மாதத்துக்காவது முடக்கி வைப்பார். அதுவரை பஸ்ஸில் போய் வாருங்கள், ஒயின்ஷாப்புக்கும் பஸ் இருக்கிறது. மூவாயிரத்துக்காரரின் போன் நம்பரையும் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.